புழங்காத வீடு

2013 பிப்ரவரியில் செவ்வாய்க் கோளின் கேல் பள்ளத்தில் நின்றிருந்த கியூரியாசிட்டி ஊர்தி, ஒரு பாறையில் துளை போட்டது. விரல் நுழையும் அகலம், 6.4 சென்டிமீட்டர் ஆழம். செவ்வாயின் பாறை ஒன்றுக்குள் கருவி இறங்கி மாதிரி எடுத்தது அதுவே முதல் முறை. துளையின் வாயைச் சுற்றிக் குவிந்த தூள் சாம்பல் நிறத்தில் இருந்தது. மனிதன் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிய நாள் முதல் அந்தக் கோளுக்கு உரியதென்று நாம் நம்பிவந்த சிவப்பு, மேலே படிந்த துருத்தூசிதான் என்பதற்கு அந்தச் சிறு குவியலே போதுமான சாட்சி.

சாம்பல் நிறத் தூளை ஊர்தி தன் வயிற்றுக்குள் இருந்த கருவிகளில் போட்டுச் சோதித்தது. அது ஏரியடிச் சேறு இறுகிப் பாறையானது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம். அந்த ஏரியின் நீரில் புளிப்பு மிகவில்லை, உப்பும் மிகவில்லை, குடிக்கத்தக்க நீர். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2012 செப்டம்பரில், அதே பள்ளத்தில் உடைந்து எழும்பி நின்ற ஒரு பாறைத் தகட்டில் கூழாங்கற்கள் பதிந்திருப்பதை ஊர்தி படம் எடுத்திருந்தது. காற்று உருட்டிக்கொண்டு போக முடியாத பருமன். மூலை மழுங்கி, விளிம்பு தேய்ந்து, ஆற்றுப்படுகையில் நாம் குனிந்து பொறுக்குகிற கற்களைப் போலவே அவை இருந்தன. அந்த மழுக்கத்தையும் பருமனையும் கொண்டு ஆய்வாளர்கள் ஓடைக்கே அளவு சொல்லிவிட்டார்கள்: கணுக்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட ஆழம், நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகம், அதாவது ஒருவர் நடந்துபோகும் வேகம்.

அந்த ஓடை ஓடி 350 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். அதன் கரையில் நின்று பார்க்கக் கண் என்ற ஒன்று அப்போது எங்குமே தோன்றியிருக்கவில்லை. இருந்தும் அதன் ஆழத்தை நம் உடம்பின் அளவால் சொல்ல முடிகிறது. இவ்வளவு நுட்பமாக அறிய முடிவதை வியப்பதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது: அறிவதற்கு அங்கே ஏன் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது?

இதே வயதுடைய ஓடை ஒன்றைப் பூமியில் தேடிப் பார்ப்போம். நம் பெருங்கடல்களின் தரை, ஓரிரு மூலைகள் நீங்கலாக, 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. அதற்கு முந்திய கடல்தரைகள் கண்டங்களின் விளிம்பில் மடங்கி, உள்ளே இறங்கி, மறைந்துபோயின. நிலத்தில் கிடைக்கும் பாறைகளிலும் 400 கோடி வயதை எட்டுபவை கனடாவின் வடமேற்கில் ஒரு துண்டு நிலம் போலச் சில இடங்களில்தான். அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைக்கும் சிர்கான் என்னும் மணல்பருமன் படிகங்களை உருப்பெருக்கியில் வைத்துத்தான் பேச வேண்டும். 440 கோடி ஆண்டு வயதுள்ள படிகமும் அவற்றில் உண்டு. பூமியின் முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு நம்மிடம் உள்ள நேரடிச் சான்று ஏறக்குறைய அவ்வளவுதான். நாம் பிறந்த இடத்தின் பிள்ளைப்பருவம் நம் காலடியிலேயே காணாமல் போயிருக்கிறது. பக்கத்துக் கோளிலோ, அந்தப் பருவத்தைச் சேர்ந்த நிலப்பரப்பு தென்பாதி முழுக்க வெட்டவெளியில் கிடக்கிறது.

ஆள் புழங்கும் வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. குழந்தை சுவரில் கிறுக்கியதன் மேல் அடுத்த பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிடுவார்கள். பாட்டன் காலத்துக் கரிக்கோடு அப்படியே இருக்க வேண்டுமென்றால் வீடு பூட்டிக் கிடந்திருக்க வேண்டும். பூமி புழங்குகிற வீடு. செவ்வாயைப் பூட்டி வெகுகாலம் ஆகிறது.

ஏன் பூட்டப்பட்டது என்பதற்குக் காரணம் எளியது, அளவு. பூமியின் நிறையில் பத்தில் ஒரு பங்குதான் செவ்வாய். சிறிய பொருள் விரைவில் ஆறும். உள்வெப்பம் தணிந்தபோது அதன் நடுவே உருகிய இரும்பு சுழன்று எழுப்பிய காந்தப்புலம், சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அடங்கியது. அப்படி ஒன்று இருந்ததற்கு அடையாளமாகத் தென்பாதியின் பழம்பாறைகளில் உறைந்த காந்தத் தடங்கள் இன்றும் இருக்கின்றன. காந்தப்புலம் போனதும் சூரியனிலிருந்து வீசும் துகள்களின் காற்றுக்கு வளிமண்டலம் நேரே முகம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2014 செப்டம்பரில் நம் மங்கள்யானுக்கு இரண்டு நாள் முன்னதாகச் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மேவன் விண்கலம், இன்றைக்கும் நொடிக்கு 100 கிராம் அளவில் அந்தக் கசிவு நடப்பதைக் கண்டது. நொடிக்கு 100 கிராம் என்பது காதில் விழும்போது அற்பம். கோடிக்கணக்கான ஆண்டுகளால் பெருக்கிப் பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரியும், இளம் சூரியன் இப்போதையதைவிடச் சீற்றம் மிக்கது என்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இன்று அங்கே மிஞ்சியிருப்பது நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அழுத்தத்தில் நீர் நீராக நிலைத்து நிற்காது. ஒரு பகுதி விண்வெளிக்குப் போயிற்று, ஒரு பகுதி பாறையின் கனிமங்களுக்குள் புகுந்து பூட்டிக்கொண்டது, மீதி துருவங்களிலும் மண்ணுக்கு அடியிலும் பனிக்கட்டியாகக் கிடக்கிறது.

2008இல் வடதுருவத்தை ஒட்டி இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் மண்ணைக் கீறியபோது வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உப்பாகவும் இருக்கலாம், பனியாகவும் இருக்கலாம். கீறிய குழியின் நிழலில் பகடைக்காய் அளவில் சில வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணவில்லை. உப்பென்றால் அப்படியே கிடந்திருக்கும். காணாமல் போனதால்தான் அது நீர் என்று உறுதியாயிற்று. மெய்ப்பொருள் ஆராய்ச்சியில் இன்மையும் ஓர் அறிவுக்கருவி என்று தருக்க நூலார் வாதிட்டதுண்டு. அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

அந்த உலகத்தின் மலையையும் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். ஒலிம்பஸ் மான்ஸ் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரம், 600 கிலோமீட்டர் அகலம். அதன் சரிவு அவ்வளவு மெல்லியது. மேலே நின்றால் மலை என்றே தெரியாது, அடிவாரம் தொடுவானத்துக்கு அப்பால் மறைந்துவிடும். இந்தப் பேருரு எப்படி வந்தது? பூமியின் ஹவாய்த் தீவுகளும் இதே வகை எரிமலைகள்தாம். ஆனால் அங்கே அடியிலிருந்து எழும் வெப்பம் ஓரிடத்தில் நிற்க, மேலே உள்ள நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு தீவு உருவாகி, நகர்ந்து, வெப்பத்தின் தொடர்பு அறுந்து, மழையில் கரைந்து, கடலுக்குள் அமிழ்கிறது. அதற்குள் அடுத்தது முளைத்துவிடுகிறது. செவ்வாயில் தட்டுகள் நகர்வதில்லை. குழம்பு பொங்கிய இடத்திலேயே பொங்கிப் பொங்கி, படிந்த இடத்திலேயே படிந்து படிந்து, ஒரே குவியலாக உயர்ந்துவிட்டது. பிரமாண்டம் என்று நாம் வாய்பிளக்கும் அந்த உயரம், நகர முடியாமையின் உயரம். ஹவாயில் எந்தத் தனிமலையும் அந்த அளவை எட்டியதில்லை. ஆனால் ஹவாயில் காடு இருக்கிறது, மழை இருக்கிறது, மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். செவ்வாய் முழுக்க அடங்கிவிடவில்லை. 2018 முதல் 2022 வரை அங்கே தரையில் காதை வைத்துக் கேட்ட இன்சைட் கலம் 1,300க்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தது. காற்று இப்போதும் அரிக்கிறது. முதலில் சொன்ன அந்த ஏரிச்சேற்றுப் பாறைக்கு அருகில் எடுத்த மாதிரியைச் சோதித்ததில், அது மேற்பரப்புக்கு வந்து சுமார் 8 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன என்று தெரிந்தது. ஆகவே அழிவே இல்லாத உலகம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. வேகத்தில்தான் வேற்றுமை. அந்த வேற்றுமைக்குள்தான் நாம் உயிரோடு இருக்கிறோம்.

எப்படி என்று யோசிப்போம். வானத்திலிருந்து விழும் மழை காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையைத் தின்கிறது. தின்றதை ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அது சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. கடல்தரை அந்தக் கல்லையும் சுமந்துகொண்டு பூமிக்குள் இறங்குகிறது. உள்ளே வெந்து, எரிமலையின் வாய்வழியாக வாயு திரும்பவும் காற்றுக்கு வருகிறது. ஒரு சுற்று முடியக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பூமி மிகக் குளிர்ந்தால் மழை குறைந்து, பாறை அரிப்பு குறைந்து, வாயு சேர்ந்து வெப்பம் கூடுகிறது. மிகச் சூடேறினால் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நம் கடல்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொதித்தும் போகாமல், மீளாமல் உறைந்தும் போகாமல் இருப்பதற்கு இந்தச் சுழற்சி பெரும் காரணம். இப்போது எண்ணிப் பார்த்தால் தெரியும்: நம் பழைய பாறைகளைத் தின்றதும் இந்த மழைதான், பழைய கடல்தரைகளை விழுங்கியதும் இந்தத் தட்டுகள்தான். சான்றுகளை அழித்த கையும் உயிரைக் காத்த கையும் ஒரே கை.

நிலையாமையை நாம் பெரும்பாலும் துறவின் வாசலாகவே கற்றிருக்கிறோம். குறளில் நிலையாமை என்ற அதிகாரம் துறவறவியலில்தான் இருக்கிறது. செல்வம் நில்லாது, உடம்பு நில்லாது, ஆகவே பற்றை விடு என்பது அந்த வழி. அதன் மேன்மையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆயினும் இரண்டு கோள்களை அருகருகே வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அதே நிலையாமை வேறொரு முகத்தையும் காட்டுகிறது: நில்லாமை உயிருக்கு வெளியிலிருந்து வந்து அதைக் கெடுக்கும் பகை என்பதைவிட, உயிர் தங்குவதற்கு உலகம் செய்துகொடுத்த ஏற்பாடு என்பதே பொருத்தம் என்றும், ஒரு நிலம் தன் பழமையை ஓயாமல் கரைத்துக் குழைத்துப் புதிதாக்கிக்கொண்டிருக்கும் வரையில்தான் அதன்மேல் புல்லும் பூச்சியும் மனிதனும் நிற்க இயலும் என்றும், அந்தக் கரைப்பு நின்றுபோன இடத்தில் ஒவ்வொரு கூழாங்கல்லும் வைத்தது வைத்தபடி, வடிவு குலையாமல், எண்ணற்ற ஊழிகள் நிலைத்திருக்குமென்றாலும் அந்த நிலைபேற்றை அனுபவிக்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்றும், நினைவை முழுமையாகப் பெற்றிருப்பதும் வாழ்ந்துகொண்டிருப்பதும் ஒரே பொருளில் ஒரே காலத்தில் கூடுவது அரிது என்றும் அது சொல்கிறது. மறதியை நாம் எப்போதும் குறையாகவே எண்ணுகிறோம். முதியவருக்குப் பேர்கள் நழுவும்போது பதறுகிறோம், பழைய தெரு இடிபடும்போது வருந்துகிறோம். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் எதுவும் நழுவாத, எதுவும் இடிபடாத ஓர் உலகம் எப்படி இருக்கும் என்பதற்கு விடை 20 கோடி கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சராசரித் தொலைவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படி மாறாமல் கிடப்பதைப் படிக்கப் போகிறவன் மாறுகிறவன், ஆசைகொண்டவன். அதனால் அவன் படிப்பில் பிழை நேர்கிறது. 1894இல் அமெரிக்காவின் அரிசோனாவில் தன் சொந்தச் செல்வத்தில் வானாய்வகம் கட்டிய பெர்சிவல் லோவெல், செவ்வாய் முழுக்க வாய்க்கால்கள் ஓடுவதாகக் கண்டு வரைந்தார். வறண்டுவரும் உலகில் ஓர் அறிவினம் துருவத்து நீரைக் கொண்டுவந்து உயிர்பிழைக்கப் போராடுவதாக நூல்கள் எழுதினார். 1965 ஜூலையில் மரைனர் 4 அனுப்பிய இருபதுசொச்சம் படங்களில் குழிவிழுந்த வெறுந்தரைதான் இருந்தது. உலகம் ஏமாந்து, நிலாவைப் போன்ற பிணக்கோள் என்று முடிவு கட்டிற்று. அதுவும் அவசர முடிவே. 1971இல் போய்ச் சேர்ந்த மரைனர் 9, கோளையே மூடியிருந்த புழுதிப்புயல் அடங்கும்வரை காத்திருந்தது. புழுதி இறங்க இறங்க முதலில் எரிமலைகளின் தலைகளும், பிறகு 4,000 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கும், வறண்ட ஆற்றுத் தடங்களும் தெரியவந்தன. லோவெலை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வாய்க்கால் பொய்யாயிற்று. நீர் இருந்து வற்றிய உலகம் என்ற அவருடைய உள்ளுணர்வு பொய்யாகவில்லை, காலக்கணக்கில்தான் கோடிகள் பிசகின. நம் காலத்திலும் சரிவுகளில் பருவந்தோறும் தோன்றி மறையும் கருங்கோடுகளை 2015இல் உப்புநீர்க் கசிவு என்றார்கள். இரண்டே ஆண்டில், மணல் சரிந்த தடமாகவே இருக்கலாம் என்ற மறுப்பு வந்தது. நீருக்காக ஏங்கும் உயிர், காணும் கோடுகளிலெல்லாம் நீரைக் காண்கிறது.

பிழைக்கு இன்னொரு வகையும் உண்டு: கையில் கிடைத்ததை அறியாதிருப்பது. 1865 ஆகஸ்ட் 25 அன்று பிகாரின் ஷெர்காட்டியில் வானிலிருந்து ஒரு கல் விழுந்தது, ஏறத்தாழ 5 கிலோ எடை. விண்கல் என்று தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று நூறாண்டுகளுக்கு மேல் தெரியவில்லை. 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அங்குள்ள காற்றை அளந்தன. 1983இல், அண்டார்டிகாவில் கிடைத்த அதே இனக் கல் ஒன்றுக்குள் சிறைப்பட்டிருந்த வாயு அந்த அளவுகளோடு பொருந்தியது. அதன் பிறகே ஷெர்காட்டியின் கல்லும் செவ்வாயிலிருந்து வந்தது என்று தெளிவாயிற்று. இன்று அந்த இனம் முழுவதும் அந்த ஊரின் பெயரால்தான் வழங்குகிறது. பக்கத்து உலகத்தின் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே நாம் அந்த உலகத்தை எண்ணி ஏங்கியிருக்கிறோம். கல்லில் அப்போதும் எல்லாம் இருந்தது. வாசிக்கத் தேவையான காற்றின் கணக்குதான் நம்மிடம் இல்லை.

பூமியில் உயிரின் தடங்களாக ஏற்கப்பட்டவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. அதற்கு முன்னே உயிரற்றது உயிராக மாறிய அந்தப் படி எப்படி நிகழ்ந்தது என்பதைச் சொல்ல வேண்டிய பாறைகளை நம் பூமி தின்றுவிட்டது. செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி தேடுவது, மேலோட்டமாகப் பார்த்தால், செவ்வாயின் பழைய உயிரை. ஆழ்ந்து பார்த்தால் நம் சொந்தப் பிறப்பின் காணாமற்போன சாட்சியையும் அது அங்கே தேடுகிறது. 2024 ஜூலையில் அது ஒரு சேற்றுப்பாறையில் சிறுத்தையின் புள்ளிகள் போன்ற கறைகளைக் கண்டது. அதிலிருந்து எடுத்த மாதிரி குறித்து 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு, அந்தக் கறைகளில் உள்ள இரும்புக் கனிமங்கள் பூமியில் நுண்ணுயிர்களின் வேலையோடு தொடர்புடையவை என்றும், உயிரின்றி வெறும் வேதிவினையாலும் உருவாகக்கூடும் என்றும் இரண்டையும் சேர்த்தே சொன்னது. லோவெலின் காலத்திலிருந்து நாம் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அந்த இரண்டாம் பாதி வாக்கியத்தில் இருக்கிறது என்பேன்.

மாதிரிகள் விரல்பருமன் உலோகக் குழாய்களில் அடைபட்டிருக்கின்றன. பத்துக் குழாய்களை 2023 ஜனவரிக்குள் ஊர்தி தரையிலேயே வைத்துவிட்டது. மற்றவை அதன் வயிற்றில். அவற்றைப் பூமிக்கு எடுத்துவரும் திட்டம் செலவுக் கணக்கில் சிக்கித் தடுமாறிற்று. இதற்கிடையில் அங்கே போய்க் குடியேறும் பேச்சு இதைவிட உரத்த குரலில் நடக்கிறது. போவதை யாரும் தடுக்கப் போவதில்லை, தடுக்கவும் வேண்டாம். ஆனால் குடியேறுவது என்றால் என்ன என்பதை நாம் மேலே கண்ட வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புழங்கத் தொடங்கும் நாளில் அந்த வீடும் அழிக்கத் தொடங்கும். வேறு கோள்களை மாசுபடுத்தலாகாது என்று 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அந்த அக்கறையில்தான் வைக்கிங் கலங்களை முழுதாக அடுப்பிலிட்டு, 110 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சுட்ட பிறகு அனுப்பினார்கள். பின்னால் போன ஊர்திகளுக்கு அவ்வளவு கடுமையான சூடு இல்லை. ஆகவே நீர் இருக்கலாம் என்று ஐயுறும் இடங்களை அவை நெருங்கலாகாது என்பது விதி. மனிதனை அடுப்பிலிட்டு அனுப்ப முடியாது. அவன் தோலிலும் குடலிலும் மூச்சிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் கூடவே போகும். அவன் முதலில் தேடிப்போகப் போவதும் பனிக்கட்டி கிடக்கும் இடத்தைத்தான், ஏனெனில் அவனுக்குக் குடிக்க வேண்டும். அதற்குப் பின் அந்தப் பனியில் ஓர் உயிரணு அகப்பட்டால், அது அங்கேயே பிறந்ததா, நம்மோடு வந்ததா என்ற வழக்கைத் தீர்ப்பதற்கே ஒரு தலைமுறை போய்விடலாம்.